தகடு கட்டிய கயிறு

1

பழைய நாட்காட்டிகளை நான் தூக்கிப் போடுவதில்லை. சில வருடங்கள் திரும்பி வரும். 1987-ஆம் வருடத்தின் கிழமைகள் 1998-இன் கிழமைகளோடு தேதிக்குத் தேதி பொருந்துவதைப் போன டிசம்பரில் கண்டுபிடித்தேன். ஆவடி மார்க்கெட்டில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த 87-இன் மாதக் காலண்டர், தங்க முலாம் பூசிய லட்சுமி படத்தோடு, என் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஜனவரி ஒன்றாம் தேதி அதை எடுத்து, சிட்னியின் மேற்குப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் மாட்டினேன்.

மகன் கதிருக்குப் பதினைந்து வயது. காலண்டரைப் பார்த்துவிட்டு, "இதில் வருடம் தப்பாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னான். எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இந்த ஏற்பாடு எப்போது ஆரம்பித்தது என்று நாள் குறித்து வைக்கவில்லை. இதுபோன்ற விஷயங்கள் ஆரம்பிக்கும்போது தெரிவதில்லை.

இரண்டு வருடத்திலும் காணும் பொங்கல் வெள்ளிக்கிழமை. 87-இன் அந்த வெள்ளிக்கிழமையை நான் வருடா வருடம் நினைத்துக்கொள்வேன். இந்த வருடம் நினைவோடு நிற்கவில்லை. கதிர் சேர்ந்திருக்கும் சாரணர் குழு, காணும் பொங்கலுக்கு மறுநாள் சனிக்கிழமை, நகருக்கு மேற்கே நீலமலையில் ஒரு ஓடைப் பள்ளத்தாக்கில் இறங்கப்போவதாகச் சொல்லிப் படிவம் அனுப்பியது.

ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மலை ஓடை பாறையை அறுத்து அறுத்து ஒரு குறுகலான சந்தாக்கிவிடும். மேலே சந்தின் தலைப்பில் நுழைய வேண்டும். அருவி வரும் இடங்களில் மரத்திலோ பாறையிலோ கயிற்றைப் போட்டு, அருவியோடு அருவியாக இறங்க வேண்டும். கீழே குளம் இருந்தால் நீந்த வேண்டும். எல்லோரும் இறங்கியதும் கயிற்றைக் கீழிருந்து உருவிக்கொள்வார்கள், அடுத்த அருவிக்கு அதுதானே வேண்டும். உருவிய பிறகு திரும்பிப் போக வழி கிடையாது. அடிவாரம் வரை இறங்கித்தான் ஆக வேண்டும்.

படிவத்தில் துணைக்கு வர விரும்பும் பெற்றோருக்குத் தனிப் பக்கம். முன் அனுபவம் உண்டா? 'உண்டு' என்று எழுதினேன். எங்கே? 'மெட்ராஸ் அருகே.' என்ன உபகரணங்கள்? யோசித்துப் பார்த்து உண்மையையே எழுதினேன்: 'நைலான் கயிறு, கோணிப்பை.'

மூன்றாம் நாள் குழுத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கோணிப்பை என்பது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று மரியாதையாகக் கேட்டார். அரிசி மூட்டையின் பை என்று விளக்கினேன்.  பிறகு, கட்டாயம் வாருங்கள், ஆனால் எங்கள் உபகரணங்களையே பயன்படுத்துங்கள் என்றார்.

கதிருக்கு அவமானமாகப் போய்விட்டது. "மெட்ராஸில் மலையே கிடையாதே" என்றான். என் மனைவி அடுப்படியிலிருந்து, "உங்கப்பா போய்ட்டு வந்தார்டா. வந்த அன்னிலேர்ந்து நான் ஒரு வாரம் பேசல, அதான் எனக்கு ஞாபகம்" என்றாள்.

2

1980-களில் நாங்கள் ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குடியிருப்பில் இருந்தோம். ஒரே மாதிரி மஞ்சள் கட்டடங்கள், வேப்பமரங்கள், காலையில் சங்கு. எங்கள் வரிசையில் மட்டும் மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர், நாகர்கோவில் எல்லாம் இருந்தன. குழாயடியில் நின்றால் தமிழ்நாடு முழுவதையும் காதால் கேட்கலாம்.

இந்தக் கதைக்கு என்னைத் தவிர இரண்டு பேர்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தங்கராஜ், திருநெல்வேலிப் பக்கம். தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் இருந்தார். பாரம் தூக்கும் சங்கிலி, கொக்கி, கயிறு எல்லாம் அவர் கையால் சோதிக்கப்பட வேண்டும். சோதித்தபின் எண்ணும் தேதியும் பாரமும் அடித்த ஒரு சின்ன அலுமினியத் தகட்டைக் கம்பியால் கட்டிவிடுவார். தகடு இல்லாததை யாரும் தொடக் கூடாது, தகட்டை யாரும் அகற்றக் கூடாது. தாம் பார்க்காத எதையும் பார்த்ததாக அவர் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இதனால் அவருக்கு மேலதிகாரிகளிடம் நிறைய மரியாதையும், குறைவான பதவி உயர்வும் கிடைத்தன.

ஏழுமலை, ஆவடியின் பழைய குடியானவர் வீட்டுப் பையன். தொழிற்சாலை நிற்கும் இடத்தில் அவன் தாத்தா நெல் போட்டிருந்தார். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்று பேச்சு. அந்தப் பேச்சு அவன் அப்பா காலத்தில் நிறைவேறவில்லை. அவன் தீயணைப்புப் பிரிவில் நான்கு வருடமாகத் தற்காலிகமாக இருந்தான். 87 பொங்கல் முடிந்த திங்கட்கிழமை நிரந்தரத்துக்கான உடல்திறன் தேர்வு. ஓடுவது, ஆளைத் தோளில் சுமப்பது, கடைசியாக வெறும் கையால் கயிறு ஏறுவது. அவனுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அன்றைக்கே பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும். அடுத்த வாய்ப்பு கிடையாது.

அருவி யோசனைக்குக் காரணம் நான். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே ஒரு பழைய மலையேற்றக் கையேடு வாங்கியிருந்தேன். கயிற்றைத் தொடையில் சுற்றி, மார்பின் குறுக்கே தோளுக்குக் கொண்டுபோய் இறங்கும் முறை அதில் படத்தோடு இருந்தது. ஊத்துக்கோட்டைக்கு அப்பால், ஆந்திர எல்லை மலையில் ஒரு ஓடை உண்டு. ஊர்க்காரர்கள் கீழிருந்து முதல் குளம் வரை போய்க் குளித்துவிட்டு வருவார்கள். நாம் மேலே சுற்றிப்போய், தலைப்பிலிருந்து இறங்கினால் என்ன என்றேன்.

அம்பத்தூர்ப் பழைய சாமான் கடையில் கழித்துப் போட்ட நைலான் கயிறு கிடைத்தது. தங்கராஜ் அதைக் குடியிருப்பு வேப்பமரத்தில் கட்டி, மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவைத்தார். மறுநாள் ஒரு தகட்டில் எண்ணும் தேதியும் அடித்துக் கயிற்றின் ஒரு முனையில் கட்டினார்.

ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா அண்ணாத்தே, கயித்துக்கு மூக்குத்தி குத்திக்கீறே?"

"சிரிக்காதல. தகடு இல்லாத கயிறு, பேர் வைக்காத பிள்ள மாதிரி. எவனும் பொறுப்பு எடுத்துக்கிட மாட்டான்."

"திங்கக்கெயம டெஸ்ட்டு. எனக்கு இத்துல இறங்கி ஏறினா நல்ல பிராக்டீசு. அவ்ளோதான்."

"இறங்கத்தான்ல போறோம். ஏறச் சொன்னது யாரு?" என்றார் தங்கராஜ்.

குடியிருப்பு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் குழாயில் கயிற்றை மடித்துப் போட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை பழகினோம். கயிறு உரசி அறுக்காமல் இருக்கத் தோளில் கோணிப்பை. இறங்கியதும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மறு முனை தகட்டோடு மேலே போய், குழாயைச் சுற்றி, சலங்கை மாதிரி ஓசையிட்டுக்கொண்டு கீழே விழும். ஒரு தடவைகூடத் தகராறு செய்யவில்லை.

3

நீலமலையில் கதை வேறு. ரப்பர் உடுப்பு, தலைக்கவசம், இடுப்பில் பட்டை, பட்டையில் நான் பெயர் தெரியாத ஐந்தாறு வளையங்கள். கயிற்றில் தகடு இல்லை. முனையில் எண்ணும் தேதியும் எழுதி, மேலே வழவழப்பான உறை போட்டிருந்தார்கள். அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன். தங்கராஜ் பார்த்தால் எண்ணை வாய்விட்டுப் படிப்பார் என்று தோன்றியது.

வெளியே கோடை, சில்வண்டு இரைச்சல். சந்துக்குள் நுழைந்ததும் வெயில் போய்விட்டது. பாறை இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக, பாசி பிடித்து. தண்ணீர் எலும்பைத் தொட்டது. முதல் அருவியின் விளிம்பில் பையன்கள் வரிசையில் நின்றார்கள். தலைவர் தோல் கையுறைகளைக் கொடுத்துக்கொண்டு வந்தார். பெரிய பையன்கள் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். கதிரும் வேண்டாம் என்றான்.

"போட்டுக்கோ" என்றேன்.

"யாரும் போடவில்லையே."

"போட்டுக்கோடா."

"ஏன்?"

எல்லோர் முன்னாலும் அதட்ட முடியாது. அவனுக்கு முன்னால் ஐந்து பேர் இறங்க வேண்டியிருந்தது. அருவி இரைச்சலில் குரலை உயர்த்தி, ஏழுமலை என்று ஒருத்தர், உன்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து மிட்டனமல்லி வரை கூட்டிப்போவாரே, என்று ஆரம்பித்தேன். அவனுக்கு நினைவில்லை. ஆனாலும் தலையைச் சாய்த்துக் கேட்டான். கேட்கும்போது கையுறையைப் போட்டுக்கொண்டானா என்று நான் பார்க்கவில்லை. கயிற்றில் கால் வைத்தபோது போட்டிருந்தான்.

முதல் அருவியின் கீழே, மார்பளவு தண்ணீரில், மற்றவர்களுக்காகக் காத்திருந்தபோது, "ம், அப்புறம்?" என்றான்.

4

காணும் பொங்கலன்று விடியற்காலையே கிளம்பி, திருவள்ளூர் போய் பஸ் மாறி, மலையடிவாரத்தில் இறங்கினோம். ஓடையை விட்டு விலகி, மாடு மேய்க்கிற தடத்தில் ஏறி, உச்சிப் பொழுதுக்கு முன்பே தலைப்பைப் பிடித்துவிட்டோம். மார்கழி மழை நன்றாகப் பெய்த வருடம். ஓடை நிறையப் போய்க்கொண்டிருந்தது.

முதல் அருவி இரண்டு மாடி உயரம். விளிம்பில் ஒரு நீர்மருத மரம், வேர்கள் பாறையைக் கவ்விக்கொண்டு. மரத்தைச் சுற்றிக் கயிற்றை மடித்துப் போட்டோம். தங்கராஜ் முதலில், பிறகு நான், கடைசியில் ஏழுமலை. கோணிப்பையை மேலே வீசி, மாற்றி மாற்றிப் போட்டு இறங்கினோம். கீழே வட்டமான குளம். மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. நான்காவது பக்கத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி அடுத்த அருவியாக விழுந்தது. அது முதலாவதைவிடப் பெரியது.

ஏழுமலை கயிற்றை இழுத்தான். தகட்டு முனை மேலே போயிற்று. மரத்தடிக்குப் போனது தெரிந்தது. பிறகு வரவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. தகடு, வேருக்கும் பாறைக்கும் நடுவே, ஆப்பு அடித்த மாதிரி இறங்கிவிட்டது. மொட்டை மாடிக் குழாய்க்கு வேர் கிடையாது என்பது எங்கள் மூவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"மூக்குத்தி மாட்டிக்கிச்சி அண்ணாத்தே" என்றான் ஏழுமலை. யாரும் சிரிக்கவில்லை.

மேலே போக வழியில்லை, கீழே போகக் கயிறில்லை. நாங்கள் எந்த ஓடைக்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லியிருக்கவில்லை. தங்கராஜ் பாறையில் உட்கார்ந்து, தகட்டின் எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். 

"நான் ஏறுறேன். ஏறி அவுத்துட்டு வந்துர்றேன்" என்றான் ஏழுமலை.

"கூடாதுல. அது சும்மா மாட்டியிருக்கு, கட்டியில்ல. பாதியில நழுவுனா?"

"நய்வினா தண்ணில வியுறேன். எனக்கு நீச்சல் தெரியாதா?"

"தண்ணி ஆழம் பாத்தியா? அடியில பாறை இருக்கு. திங்கக்கிழமை உனக்கு—"

"அண்ணாத்தே, திங்கக்கெயம இங்கியே உக்காந்துகினு இருந்தா எவன் எனக்கு வேல குடுப்பான்? வுடு."

அவன் ஏறியதை நான் முழுதாகப் பார்க்கவில்லை. அருவிச் சாரல் கண்ணாடியில் படிந்துவிட்டது. துடைத்துப் போட்டபோது விளிம்பில் நின்று கத்திக்கொண்டிருந்தான். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த கத்தியைக் காட்டி, கம்பியை அறுப்பது போலச் சைகை செய்தான். தகட்டை எடுத்துவிடவா என்று கேட்கிறான். தங்கராஜ், பழக்க தோஷம், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். மேலே ஏழுமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கீழே தெரிந்தது. தகட்டை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கோணிப்பை எங்களிடம் இருந்தது. நனைந்து கனத்திருந்த அதை வீசினோம், மூன்று தடவையும் விளிம்புக்குப் போகாமல் குளத்தில் விழுந்தது. அவன் பொறுக்கவில்லை. தோளில் ஒன்றும் இல்லாமல், கயிற்றைக் கையால் மட்டும் பிடித்து இறங்கினான். பாதியில் நனைந்த நைலான் வழுக்கிவிட்டது. அவன் விடவில்லை. பிடித்தபடியே சறுக்கி வந்தான்.

கரையில் கையை விரித்தான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

மீதி அருவிகளில் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி நாங்கள் இறக்கினோம். பஸ்ஸில் வரும்போது இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். ஊத்துக்கோட்டை தாண்டி ஒரே ஒரு தடவை பேசினான்.

"எங்கப்பனான்ட இன்னா சொல்றது?"

5

திங்கட்கிழமை காலை, தீயணைப்புப் பிரிவு மைதானத்தில் பதினைந்து பேர் போல நின்றார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. ஒரு காகிதக் கட்டைக் கொடுக்கப் போகிறவன் மாதிரி போய் நின்றேன். வேலிக்கு வெளியே ஏழுமலையின் அப்பா, சலவை வேட்டியில்.

ஏழுமலை ஓடினான். ஆளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். முழங்கையில் தாங்கிக்கொண்டதால் யாரும் கவனிக்கவில்லை. கயிறு ஏற வரிசையில் நின்றபோது அதிகாரி அவன் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது?"

"பொங்கப் பானைய எறக்கசொல்ல சுட்டுக்கிச்சி சார்."

"வெறுங்கையாலதான் ஏறணும். அவுத்துடு. முடியலேன்னா ஒதுங்கிக்க, உன் இஷ்டம்."

அவனுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அப்போதுதான் தங்கராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. யாரையும் பார்க்கவில்லை. அதிகாரிக்கு வணக்கம் சொல்லி, கயிறு ஆய்வு என்றார்.

"இப்பவா? தகடு இருக்கே. தேதியும் இருக்கே."

"சந்தேகம் வந்தா எந்நேரமும் பாக்கலாம் சார். விதி அப்படித்தான்."

கயிற்றை இறக்கச் சொன்னார். தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலிடையே விட்டு வந்தார். அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம். இழையைப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை கயிற்றில் சொட்டியது. ஜனவரி காலை அது.

"கழிச்சாச்சு" என்றார்.

"என்னய்யா, நல்லாத்தானே இருக்கு?"

"உள் இழை போயிட்டு சார்."

கழித்த கயிற்றை யாரும் திரும்பப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகத் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும், அதுவும் விதி. தங்கராஜ் பையிலிருந்து கத்தியை எடுத்தார். அந்தத் தடித்த கயிறு வெட்டுப்பட மறுத்தது. முட்டி போட்டு, அழுத்தி அழுத்தி அறுத்தார். ஏழுமலை ஓரடி முன்னால் வந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கிடங்கிலிருந்து புதுக் கயிறு வந்து, சோதனையாகி, தகடு கட்டி மாட்டுவதற்குப் பிப்ரவரி நடுவாகிவிட்டது. கயிறு ஏறும் தேர்வு அதுவரை எல்லோருக்கும் ஒத்திப்போயிற்று. பட்டியலும் அதுவரை நின்றது. ஏழுமலையின் கையில் அதற்குள் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. உச்சிக்கு ஏறி, உத்தரத்தைத் தட்டிவிட்டு இறங்கினான். வேலிக்கு வெளியே அவன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வெட்டிய துண்டுகளைக் குடியிருப்பில் ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். எங்கள் வீட்டுத் துணி காயப்போடும் கொடி அந்தக் கயிறுதான். 1989-இல் நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் வரை, நனைந்த ஜமக்காளமும் போர்வையுமாகத் தாங்கியது. ஒரு இழைகூடப் பிரியவில்லை.

தங்கராஜ் அதற்குப் பிறகு மலைக்கு வரவில்லை. கயிற்றைப் பற்றி நாங்களும் அவரிடம் பேச்செடுக்கவில்லை.

6

இதெல்லாம் நான் கதிருக்குச் சொல்லி முடித்தபோது கடைசி அருவியும் முடிந்து, ஓடை அகன்று, வெயில் பட்ட மணலில் உட்கார்ந்திருந்தோம். அவன் உதடு குளிரில் நீலம் பூத்திருந்தது. கையுறையைக் கழற்றித் தண்ணீரைப் பிழிந்தான்.

"அவருக்கு நிச்சயமாகத் தெரியுமா, கயிறு நல்லது என்று?" ஆங்கிலத்தில்தான் கேட்டான்.

"எனக்குத் தெரியும். அவர் என்னிக்கும் ஒத்துக்கலை."

"கேட்டாயா?"

கேட்டதில்லை என்றேன். அப்படியானால் உனக்குத் தெரியாது என்றான். சாரணர் இயக்கத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருநின்றவூருக்குப் போன் போட்டேன், அங்கே மதியம். ஏழுமலை அங்கே வீடு கட்டிக்கொண்டு, போன் வைத்து இரண்டு வருடமாகிறது. பொங்கல் வாழ்த்துச் சொன்னேன். கதிர் பக்கத்திலேயே நின்றான். ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"யாரு, கதிரா? டேய், உன்ன சைக்கிள்ள குந்த வெச்சினு சுத்தினவன்டா நானு! தமிய் பேசுவியா?"

"பேசுவேன்... மாமா, அந்தக் கயிறு... கட் பண்ண கயிறு. நல்ல கயிறா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "உங்கப்பன் அத்தயெல்லாம் சொல்லிட்டானா? நல்ல கயிறு நைனா. யானைய கட்லாம். ஆனா உனுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அன்னிக்கி நான் ஏறியிருப்பேன்."

"கை?"

"கை கீது கை! டெஸ்ட்டுக்கு மின்னாடி ஞாயித்துக்கெயம எங்க கொல்லில புளிய மரத்துல கயிறு கட்டி, துணி சுத்தாம, ஏறிப் பாத்துட்டன். வலிதான். ஆனா ஏறிட்டன்."

நான் குறுக்கிட்டேன். "பதினோரு வருஷமா சொல்லலியேப்பா?"

"இன்னான்னு சொல்றது? சொல்லலாம்னு வாயத் தொறக்கசொல்ல அண்ணாத்தே கத்திய எடுத்துட்டாரு. அந்த மூஞ்சிய நீதான் பாத்தியே. ஆயுசுல மொத தபா பொய் சொல்றாரு அந்த மன்சன், எனக்கோசரம். அப்ப போயி வேணாம் அண்ணாத்தே, நான் ஏறிக்கிறேன்னா, அவுரு அத்த எங்க வெச்சிப்பாரு? வுட்டுட்டன்... இரு இரு, வண்டி சத்தம் கேக்குது. நெமிலிச்சேரிலேந்து அவுருதான், ஞாயித்துக்கெயம ஆனா வந்துருவாரு. கேக்காதடா, இன்னா?"

கதிர் கேட்டான். தங்கராஜ் போனை வாங்கி, வாழ்த்துச் சொல்லி, படிப்பை விசாரித்து முடித்ததும் கேட்டான்.

"மாமா, நீங்க கட் பண்ண கயிறு நல்ல கயிறா?"



"அது கெட்ட கயிறுடே" என்றார் தங்கராஜ். "உள் இழை போயிருந்துச்சு. பாத்துட்டுத்தான எழுதுனேன்?"

பின்னாலிருந்து ஏழுமலையின் குரல்: "ஆமாம்டா கதிரு, அத்துப் போன கயிறு. நானே பாத்தேன்."

கதிர் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தான். அப்புறம் நிறுத்தி, யோசித்து, "புளிய மரம் நிஜமா?" என்று கேட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை அந்த உள்ளங்கைகளைப் பார்த்தவன் நான். இரண்டு நாளில் அந்தக் கையோடு யாரும் மரம் ஏற முடியாது. தனக்காக ஒருவர் அவ்வளவு பெரிய காரியம் செய்தார் என்பதை ஏழுமலையால் இத்தனை வருடம் சுமக்க முடியாமல், ஒரு புளியமரத்தை நட்டுக்கொண்டானோ என்னவோ. அல்லது ஏறியே இருக்கலாம். கயிற்றைப் பிடித்தபடி சறுக்கி வந்து, விடாதவன்தானே. எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கப்பா" என்றான் கதிர். தமிழில் சொன்னான்.

"இருக்கலாம். அதனால நீ வந்து—"

"தெரியும்" என்றான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."